விமானப்படைத் தளம்: 'தளம்' என்ற சொல் வந்த வழி

செய்தி மொழிபெயர்ப்பில் நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன். ஒரே செய்தியில் ஏர் பேஸ், ஏர்ஃபீல்டு, ஏர் ஸ்டேஷன், ஏர் ஸ்டிரிப் என்று நான்கு சொற்கள் வந்திருந்தன. அவசரத்தில் நான்கையும் 'விமானத் தளம்' என்றே எழுதி அனுப்பிவிட்டேன். அச்சில் வந்த பிறகு படித்தால், எந்த இடத்திலிருந்து விமானம் கிளம்பியது, எந்த இடம் தாக்கப்பட்டது என்பதே தெரியவில்லை. இரண்டும் 'தளம்' என்றே இருந்தன. அன்றிலிருந்து இந்தச் சொல்லைப் பார்த்தால் நின்று யோசித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறேன்.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். விமானப்படைத் தளம் என்பது விமானம் ஏறி இறங்கும் இடம் மட்டும் அல்ல. ஓடுபாதை இருக்கும், சரி. அதைச் சுற்றிப் பழுதுபார்க்கும் கொட்டகைகள், எரிபொருள் கிடங்கு, ரேடார், கட்டுப்பாட்டுக் கோபுரம், வீரர் குடியிருப்பு, மருத்துவமனை எல்லாம் இருக்கும். குண்டுகளை வைக்கும் கிடங்குகள் மட்டும் குடியிருப்பிலிருந்து விலகி, மேலே மண் மூடிய மேடுகளாகத் தனியே கிடக்கும். ஒன்று வெடித்தாலும் அடுத்தது வெடிக்கக் கூடாது என்பதற்காக அவற்றுக்கு இடையிலும் இடைவெளி விட்டிருப்பார்கள். ஒரு படைப்பிரிவு தங்கி, தின்று, தூங்கி, புறப்பட்டு, திரும்பி வருவதற்கு வேண்டிய அனைத்தும் ஒரே வேலிக்குள் இருந்தால் அதுதான் தளம். இவ்வளவும் இல்லாமல் ஓடுபாதை மட்டும் நீண்டு கிடந்தால் அது தளம் ஆகாது.

ஓடுபாதையே தேவைப்படாத தளமும் உண்டு. இலங்கையின் தென்கரையில் கொக்கலை ஏரி இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை அங்கே கேட்டலினா என்ற பறக்கும் படகுகளை வைத்திருந்தது. அவை நீரில் ஓடி எழும்பும், நீரிலேயே வந்து இறங்கும். 1942 ஏப்ரல் 4 அன்று கொக்கலையிலிருந்து போன ஒரு கேட்டலினாதான் இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டது. ஓட்டியவர் கனடாவைச் சேர்ந்த லெனர்ட் பிர்ச்சால். சுட்டு வீழ்த்தப்படுவதற்கு முன்பே அவருடைய விமானம் வானொலியில் எச்சரிக்கை அனுப்பிவிட்டது. மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டபோது நகரம் விழித்திருந்தது. அந்த எச்சரிக்கை கிளம்பிய இடத்தில் ஒரு கஜம் கான்கிரீட் ஓடுபாதை தேவைப்படவில்லை, ஆனாலும் அது முழுமையான தளம்தான். தளம் என்ற சொல்லுக்கு உயிர் தரையில் இல்லை, 'இங்கிருந்து புறப்படுகிறோம், இங்கே திரும்புகிறோம்' என்பதில் இருக்கிறது என்று நான் நம்புவது இதனால்தான்.

இனி 'பேஸ்' எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். கிரேக்கத்தில் நடப்பதை, அடி எடுத்து வைப்பதைக் குறிக்கும் ஒரு வினை உண்டு. அதிலிருந்து 'பாசிஸ்' பிறந்தது. முதலில் அது காலடியைக் குறித்தது, பிறகு காலடி படும் இடத்தையும், அதன்பின் தூண் நிற்கும் பீடத்தையும் குறித்தது. லத்தீன், பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தபோது அடிப்பகுதி, அடித்தளம் என்ற பொருள் நிலைத்துவிட்டது. போருக்குள் அந்தச் சொல் புகுந்த கதைதான் எனக்குப் பிடித்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஜெர்மானிய அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவைச் சேர்ந்த ஃபான் பியூலோ என்பவர் போர்க்கலையை வடிவியல் கணக்காகவே பார்த்தார். உணவும் மருந்தும் வெடிபொருளும் சேர்த்து வைத்திருக்கும் கோட்டைகளை இணைத்து ஒரு கோடு போடு. அந்தக் கோட்டின் இரு முனைகளிலிருந்தும் எதிரியின் இலக்குக்கு இரண்டு கோடுகள் இழு. முக்கோணம் கிடைக்கும். இலக்கில் விழும் கோணம் 90 பாகைக்குக் குறையக் கூடாது, குறைந்தால் படை தன் கிடங்குகளை விட்டு ஆபத்தான தூரம் போய்விட்டது என்று பொருள் என்றார். அந்த முக்கோணத்தின் அடிப்பக்கம்தான் 'பேஸ்'. அவருடைய கோணக் கணக்கைப் பின்னால் வந்தவர்கள் ஒதுக்கிவிட்டார்கள், சொல் மட்டும் தங்கிவிட்டது. குதிரைப்படைக் காலத்தில் வரைந்த கோடு அப்புறம் கப்பலுக்கும் விமானத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

தமிழில் 'தளம்' அதைவிடச் சுவையானது. இது பார்க்க ஒரு சொல். உண்மையில் இரண்டு சொற்கள் ஒரே உருவத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன.

ஒன்று வடமொழியின் 'தல', அதாவது மட்டமான பரப்பு. தரைத்தளம், மேல்தளம், தளவரிசை, ஓடுதளம், ஏவுதளம் எல்லாம் இந்தக் குடும்பம். மற்றது வடமொழியின் 'தள'. அதன் வேருக்குப் பிளத்தல் என்று பொருள். பிளந்தால் கிடைப்பது துண்டு. அதிலிருந்து இலை, பூவிதழ். வில்வதளம், துளசிதளம் என்று பூசையில் சொல்கிறோமே, அது இதுதான். ஒரு பெருங்கூட்டத்திலிருந்து பிரிந்து நிற்கும் துண்டு என்பதால் படைப்பிரிவுக்கும் அதே பெயர் வந்தது. தளபதி என்றால் தரைக்குத் தலைவர் அல்ல, படைக்குத் தலைவர். நாயக்கர் காலத்து மதுரையில் அரியநாத முதலியாருக்கு முன்னால் வரும் 'தளவாய்' பட்டமும் இந்தக் குடும்பம்தான். இன்றைய அரசியலிலும் அது உயிரோடு இருக்கிறது. ஜனதா தளம் என்பதில் உள்ள தளம் மக்கள் நிற்கும் தரை அல்ல, மக்கள் அணி.

ஆகவே 'படைத்தளம்' என்று நாம் சொல்லும்போது படை நிற்கும் பரப்பு, படை என்ற இரண்டு பொருளும் காதில் சேர்ந்தே விழுகின்றன. ஆங்கிலத்தின் 'பேஸ்' என்ற சொல்லுக்குள் படை கிடையாது. அதை ஏர் ஃபோர்ஸ் என்று முன்னால் ஒட்டித்தான் வரவழைக்க வேண்டும். இந்த இடத்தில் தமிழ்ச்சொல் மூலத்தைவிடச் செறிவாக இருக்கிறது என்பதே என் எண்ணம். சொல்லை உண்டாக்கியவர்கள் இதை நினைத்துத்தான் செய்தார்களா என்பது வேறு கேள்வி. விளைவு நன்றாக அமைந்திருக்கிறது.

விமானமும் தளமும் சேர்ந்து வருவதும் நமக்குப் புதிதல்ல. கோயில் கருவறைக்கு மேல் எழும் கட்டுமானத்தின் பெயர் விமானம், அதன் அடுக்குகளின் பெயர் தளம். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் ரதம் இருதள விமானம், தர்மராஜ ரதம் முத்தள விமானம். இறக்கை வைத்த இயந்திரம் வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த இரண்டு சொற்களும் சிற்பிகள் வாயில் ஒன்றாகப் புழங்கியிருக்கின்றன. அதனால்தான் வெறும் 'விமானத் தளம்' என்று எழுதும்போது கோயிற்கலை படித்தவருக்கு வேறு படம் மனத்தில் வருகிறது. 'விமானப்படைத் தளம்' என்று படையைச் சேர்த்து எழுதினால் அந்தக் குழப்பம் இல்லை.

படை தங்கும் இடத்துக்குச் சங்க இலக்கியத்தில் சொல் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. நிறையவே இருக்கின்றன: பாசறை, பாடி, கட்டூர். முல்லைப்பாட்டில் ஒரு பாசறையை நப்பூதனார் கண்முன் காட்டுகிறார். காட்டை வெட்டி, முள்ளை மதிலாக வளைத்து, உள்ளே கடல்போலப் பரந்திருக்கிறது பாடி. 'இடுமுட் புரிசை' என்கிறார். இன்றைய தளங்களின் முள்கம்பி வேலிக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குக் கிடைக்கவில்லை. நேரம் சொல்ல 'குறுநீர்க் கன்னல்' என்ற நீர்க்கடிகாரமும் உள்ளே இருக்கிறது. ஆனால் இவை எல்லாம் போர் முடிந்தால் கலைந்துவிடும் இடங்கள். அரபியிலிருந்து வந்த 'முகாம்' என்ற சொல்லும் அப்படியே, சில நாள் தங்கல். இலங்கைத் தமிழில் விமானப்படை முகாம் என்ற வழக்கு உண்டு, அங்கே அது இயல்பாகவும் ஒலிக்கிறது. இருந்தாலும் பல்லாண்டுகள் நின்று நிலைக்கும் ஓர் அமைப்புக்குத் தளமே பொருந்தும். 'களம்' பற்றியும் ஒரு வார்த்தை. போர் நடக்கும் இடம் களம், போருக்குப் புறப்படும் இடம் தளம். ஒரே எழுத்துதான் வேறுபாடு, இரண்டையும் மாற்றிப் போட்டால் செய்தியே தலைகீழாகிவிடும்.

அடுத்தது நிலையம். பிரிட்டிஷ் விமானப்படை தன் இடங்களை ஸ்டேஷன் என்றே அழைக்கிறது. இந்திய விமானப்படையும் அந்த வழக்கைத் தொடர்கிறது. ஆகவே சூலூர், தாம்பரம், தஞ்சாவூர் ஆகியவை அதிகாரப்பூர்வமாக 'விமானப்படை நிலையம்'. நாளிதழ்கள் விமானப்படைத் தளம் என்று எழுதுகின்றன. அதைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். பெயராக எழுதும்போது நிலையம், வகையாகக் குறிக்கும்போது தளம் என்று வைத்துக்கொள்ளலாம். கடற்படை வழி வேறு. அது தரையில் உள்ள இடத்துக்கும் கப்பலைப் போலப் பெயர் வைக்கும். அரக்கோணத்தில் 1992இல் தொடங்கிய கடற்படை விமானத் தளத்தின் பெயர் ஐஎன்எஸ் ராஜாளி. உச்சிப்புளியில் 2009இல் வந்தது ஐஎன்எஸ் பருந்து. 'ஐஎன்எஸ்' (இந்தியக் கடற்படைக் கப்பல்) என்பதைப் பார்த்துவிட்டு 'பருந்து போர்க்கப்பல்' என்று எழுதிவிடக் கூடாது. இரண்டு அழகான தமிழ்ப் பறவைப் பெயர்கள் இந்தப் பட்டியலில் இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி.

அமெரிக்க வழக்கில்தான் உள்நாடு, வெளிநாடு என்ற வேறுபாடு பெயரிலேயே இருக்கிறது. 1947இல் அமெரிக்க விமானப்படை தனிப்படையானது. அதுவரை 'ஃபீல்டு', அதாவது திடல் என்று பெயர் தாங்கிய இடங்கள் மறு ஆண்டில் 'ஏர் ஃபோர்ஸ் பேஸ்' ஆயின. ஓஹையோவில் ரைட் திடலும் பேட்டர்சன் திடலும் சேர்ந்து ரைட்-பேட்டர்சன் விமானப்படைத் தளம் ஆனது அப்போதுதான். ஆனால் சொந்த மண்ணுக்கு வெளியே இருப்பவை வெறும் 'ஏர் பேஸ்'. ஜெர்மனியில் ராம்ஸ்டைன், ஜப்பானில் கடேனா, யோகோடா, கொரியாவில் ஓசான், இத்தாலியில் அவியானோ எல்லாம் அப்படித்தான். பசிபிக் நடுவில் இருந்தாலும் குவாம் அமெரிக்க ஆட்சிப்பகுதி. எனவே அங்கே உள்ள ஆண்டர்சன் 'ஏர் ஃபோர்ஸ் பேஸ்'. இந்த வேறுபாட்டை விமானத் தளம், விமானப்படைத் தளம் என்று தமிழில் பிரித்துக் காட்ட முயன்றால் வாசகருக்குப் புரியாது. 'ஜெர்மனியில் உள்ள அமெரிக்க விமானப்படைத் தளம்' என்று நாட்டைச் சொல்லிவிட்டால் போதும். இங்கிலாந்தில் உள்ள லேக்கன்ஹீத் இன்னும் கவனம் கேட்கும். பெயருக்கு முன்னால் 'ஆர்ஏஎஃப்' என்று பிரிட்டிஷ் விமானப்படை இருக்கும், உள்ளே பறப்பவை அமெரிக்கப் போர்விமானங்கள். பெயரை மட்டும் பார்த்து பிரிட்டிஷ் படை கிளம்பியது என்று எழுதினால் ஒரு நாட்டைப் போரில் இழுத்துவிட்டதாக ஆகும்.

2020 முதல் சில தளங்கள் அமெரிக்க விண்வெளிப் படைக்குப் போய்ப் பெயர் மாறியிருக்கின்றன. கிரீன்லாந்தின் தூலே 2023இல் பிட்டுஃபிக் ஆனது. வான் வேறு, விண் வேறு என்று இன்றைய தமிழ் பிரித்து வைத்திருப்பது இங்கே கைகொடுக்கிறது. ஒன்று வான்படைத் தளம், மற்றது விண்படைத் தளம். விமானப்படையா வான்படையா என்று கேட்டால் என் வாக்கு வான்படைக்கு. 'வலவன் ஏவா வான ஊர்தி' என்று புறநானூறு பாடிய மொழிக்கு வான் என்பது கடன் வாங்க வேண்டிய சொல் அல்ல. ஆனால் விமானப்படை எல்லோர் நாவிலும் பழகிவிட்டது. அதை எழுதுபவரைத் திருத்தப் போகமாட்டேன்.

எழுத்துப்பிழை இரண்டைத் திருத்தத்தான் வேண்டும். 'விமானபடை தளம்' அல்ல, 'விமானப்படைத் தளம்', இரண்டு இடத்திலும் வல்லினம் மிகும். அடுத்து, தலம் வேறு. அது 'ஸ்தலம்' என்பதிலிருந்து வந்தது: சிவத்தலம், சுற்றுலாத்தலம். படைக்குத் தளம்தான்.

கடைசியாக 'முன்னாள்' என்ற அடை. மூடப்பட்ட, ஒப்படைக்கப்பட்ட, கைவிடப்பட்ட என்ற மூன்றையும் 'முன்னாள்' என்ற ஒரே சொல்லால் மூடிவிடுகிறோம். மூன்றும் ஒன்றல்ல. பிலிப்பைன்ஸின் கிளார்க் தளத்தை 1991 ஜூனில் பினட்டுபோ எரிமலையின் சாம்பல் மூடியது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கா அதை அந்நாட்டிடம் கொடுத்தது, இன்று அங்கே பன்னாட்டு விமான நிலையம் இருக்கிறது. அது ஒப்படைக்கப்பட்ட தளம். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துப் பீஸ் தளம் 1991இல் மூடப்பட்டது, ஆனால் தேசியக் காவல்படையின் விமானங்கள் இன்றும் அங்கிருந்து பறக்கின்றன. அதை முழுக்க 'முன்னாள்' என்பது சரியாகாது. இங்கிலாந்தின் கிரீன்ஹாம் காமன் வேறு வகை. 1980களில் அணு ஏவுகணைகள் இருந்த இடம் அது. அவற்றை எதிர்த்துப் பெண்கள் 1981 முதல் வேலியோரமாகவே கூடாரம் போட்டுத் தங்கினார்கள். படை போன பிறகு ஓடுபாதையைப் பெயர்த்தெடுத்து, வேலியைப் பிரித்து, 2000இல் அந்த நிலத்தை மறுபடி பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இப்போது அங்கே மாடுகள் மேய்கின்றன, ஏவுகணை வைத்திருந்த மண்மேடுகள் மட்டும் புல் மூடி நிற்கின்றன. அந்த ஒரு இடத்துக்கு நான் 'முன்னாள் விமானப்படைத் தளம்' என்று தயங்காமல் எழுதுவேன்.