ஸ்டெப் சொல்லித் தரும்வரை காத்திருக்காதீர்கள்: புதிய நடனப் படைப்பில் ஆடுபவரின் பங்கு

சேலத்தில் கன்டெம்பரரி எனும் தற்கால நடனத்தின் பக்கம் வருகிற பலர் பரதநாட்டியம் பயின்றவர்கள். குரு தட்டுக்கழியால் தட்டித் தாளச் சொற்களான சொற்கட்டைச் சொல்வார், சிஷ்யை அடிப்படை அசைவான அடவை வாங்கிக்கொள்வாள். சினிமாப் பாட்டு டான்ஸ் கிளாஸிலும் மாஸ்டர் முன்னால் ஆடுவார், பின்னால் நிற்பவர்கள் பிடித்துக்கொள்வார்கள். இந்தப் பழக்கத்தோடு ஒரு புதிய படைப்பின் ரிகர்சலுக்குப் போனால் "ஸ்டெப் எப்போ தருவாங்க?" என்று காத்திருந்தே நாள் போய்விடும். ஸ்டெப் இன்னும் பிறக்கவே இல்லை. ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் நடன அமைப்பாளர் பீனா பௌஷ் தன் குழுவினரிடம் கேள்விகள் கேட்டு, அவர்கள் உடலாலும் பேச்சாலும் தந்த பதில்களிலிருந்தே படைப்புகளைக் கட்டினார். இன்று பல நடன அமைப்பாளர்கள் வேலை செய்வது ஏறக்குறைய இப்படித்தான்.

உதாரணத்துக்கு, சேலத்தில் நெசவு நடக்கும் அம்மாபேட்டையின் தறியை எடுத்துக்கொள்வோம். "தறி இல்லாமல் தறி நெய்" என்று அமைப்பாளர் சொல்கிறார். பரதம் பயின்றவர் உடனே முத்திரை பிடித்து, கண்ணால் நூலைப் பார்த்து, நெசவாளியாக அபிநயிப்பார். அழகாகவே இருக்கும், ஆனால் கேட்டது அதுவல்ல. நெசவாளி குழிக்குள் கால் வைத்து உட்கார்ந்து நெய்யும் குழித்தறியில் கால்கள் மாறி மாறி மிதிக்கின்றன. ஒரு கை கயிற்றை இழுத்து, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்டுகிறது, மறு கை பலகையை இழுத்து அந்தக் குறுக்கு நூலான ஊடையை அடிக்கிறது. மிதி முதலில், கயிறு பிறகு, அடி கடைசியில். நடு உடம்பு அதிகம் அசையாது. இந்த முன்பின் கணக்கைத்தான் எடுக்க வேண்டும். மிதியை இடுப்புக்கு மாற்றுங்கள், கயிற்றைத் தோளுக்கு. பிறகு நின்றுகொண்டு, படுத்துக்கொண்டு, ஒற்றைக் காலில் செய்து பாருங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ அங்கேதான் புதிய அசைவு கிடைக்கும்.

ஒரு முயற்சிக்கு 15 நிமிடம் நிற்காமல் ஆடுங்கள். முதல் சில நிமிடங்களில் உடம்பு தெரிந்த அடவுகளையே கொட்டும். அலுப்பில் நிறுத்திவிடுகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டுவதே இல்லை.

கிடைத்ததை வைத்துக்கொள்வது இன்னும் கடினம். போனை ஸ்டாண்டில் வைத்துப் பின்பக்க கேமராவில் எடுங்கள். முன்பக்க கேமரா பல போன்களில் இடம் வலத்தை மாற்றிப் பதியும், மறுநாள் அதைப் பார்த்துப் பிடித்தால் திசை எல்லாம் தப்பும். ஒவ்வொரு துணுக்குக்கும் அன்றே பெயர் வையுங்கள்: 'கயிறு', 'மிதி 2' என்று எதுவானாலும் சரி, குழுவில் எல்லாரும் அதே பெயரைச் சொல்ல வேண்டும். நோட்டில் வடிவத்தை மட்டும் எழுதாதீர்கள். "வலது கை மேலே" என்று எழுதினால் மறுநாள் வெறும் போஸ்தான் மிஞ்சும். "இடது இடுப்பு விழுந்ததால் வலது கை எழுந்தது" என்று காரணத்தை எழுதுங்கள். எடை எந்தக் காலில், மூச்சு உள்ளேயா வெளியேயா என்பதும் வேண்டும். இசை பெரும்பாலும் கடைசியில்தான் வரும், அதுவரை தாளக் கணக்கு கைகொடுக்காது.

பத்து நிமிட ஆட்டத்தில் இருபது விநாடி மட்டும் எடுத்துக்கொள்ளப்படலாம். அதையும் வேறொருவர் ஆடலாம். அவருக்கு நீங்களே சொல்லிக் கொடுங்கள், மனத்தாங்கல் வேண்டாம்.

உடம்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நம் ஊர் மண்டபங்களிலும் பள்ளி ஹால்களிலும் கான்கிரீட் மேல் டைல்ஸ் அல்லது கிரானைட்தான். அதிர்வை அது வாங்கிக்கொள்ளாது, முன்னங்காலும் முட்டியும்தான் வாங்கும். உருவாக்கும் நாட்களில் ஒரே குதியை "இன்னொரு தடவை" என்று முப்பது முறை கேட்பார்கள். முழு வேகத்தில் ஐந்து முறை, மற்றவை கையால் குறிப்புக் காட்டி மட்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். தரையில் உருள முட்டிக் கவசமும் முழுக்கால் பேன்ட்டும் வேண்டும்.

ஏற்காட்டில் தங்கி ரிகர்சல் வைப்பவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் குளிரில் தசை சூடாக, கீழே சேலத்தில் ஆகும் நேரத்தைப் போல இரண்டு பங்கு ஒதுக்குங்கள். பனிமூட்டத்தில் தரை ஈரமாகி வழுக்கும், துடைத்துவிட்டே தொடங்குங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்த அதே மணியில் சுழற்சிப் பயிற்சி வைத்தால் தலை சுற்றும், ஒரு மணி நேரம் பொறுங்கள்.

பெயர் விஷயத்தில் கூச்சப்படுகிறவர்கள்தான் அதிகம். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், எழுத்திலோ வேறு வகையிலோ பதிந்து வைத்த நடன அமைப்பைப் பாதுகாக்கிறது. ஆடுபவருக்கு 'நிகழ்த்துநர் உரிமை' தனியே உண்டு, காலம் 50 ஆண்டு. நிகழ்த்துநராகத் தன் பெயர் சொல்லப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமை 2012 திருத்தத்தில் சேர்ந்தது. ஆனால் அசைவை உருவாக்கியதில் உங்கள் பங்கு எவ்வளவு என்பதைச் சட்டம் தானாகக் கண்டுபிடித்துத் தராது. தேதியிட்ட நோட்டும் வீடியோவும்தான் அதற்குச் சான்று. முதல் ரிகர்சலுக்கு முன்பே ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்: ரிகர்சல் நாளுக்குச் சம்பளம் எவ்வளவு, நீங்கள் குழுவை விட்டுப் போனால் உங்கள் துணுக்கை மற்றவர் ஆடலாமா, அழைப்பிதழில் 'ஆடுபவர்களுடன் இணைந்து உருவாக்கியது' என்று வருமா.