டில்ட்: சொல் விளக்கம்

அடுத்தடுத்துத் தோற்றதனால் நிதானம் தவறிய ஆட்டக்காரர், நன்கு பழகிய ஆட்டத்தையே மறந்தவர்போல அவசரமாகவும் முரட்டுத்தனமாகவும் ஆடத் தொடங்கும் நிலைக்கு வீடியோ கேம் உலகில் 'டில்ட்' என்று பெயர். இந்த ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பொருள் சாய்த்தல்.

ஆட்டக்களத்துக்கு இச்சொல்லைக் கொண்டுவந்தது பின்பால் எந்திரம். சரிவான பலகையில் உருளும் பந்து குழியில் விழப்போகும் நேரத்தில் எந்திரத்தையே பிடித்து உலுக்குவோரைத் தடுக்க, ஹாரி வில்லியம்ஸ் போன்ற அமெரிக்க வடிவமைப்பாளர்கள் 1930களில் அதனுள் ஒரு பொறியைப் பொருத்தினர். பின்னர் பரவலான வடிவில், உலோக வளையத்தின் நடுவே ஒரு கம்பி தொங்கும். எந்திரம் அளவுமீறி ஆடினால் கம்பி வளையத்தில் பட்டு மின்சுற்று மூடிக்கொள்ள, 'டில்ட்' என்ற எழுத்து ஒளிர்ந்து, பந்தைத் தட்டும் மட்டைகள் செயலிழந்து, பந்து பறிபோகும். பந்தைக் காப்பாற்றச் செய்த முயற்சியாலேயே பந்து போகிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. எந்திரத்துக்கு உரிய இச்சொல்லைப் போக்கர் சீட்டாட்டக்காரர்கள் மனிதருக்கு ஆக்கினர். வீடியோ கேமிலும் அப்பொருளே வழங்குகிறது.

பலமுறை தோற்பது மட்டும் டில்ட் ஆகாது. 2011இல் வெளிவந்த 'டார்க் சோல்ஸ்' ஆட்டத்தில் சாவு அன்றாடம். ஒவ்வொரு சாவிலும் எதிரியின் அசைவு கொஞ்சம் பிடிபடும். ஆனால் அதுவரை சேர்த்த ஆன்மாக்கள் (அந்த ஆட்டத்தின் நாணயம்) அனைத்தும் செத்த இடத்தில் கிடக்கும், அவற்றை எடுக்குமுன் மறுபடி செத்தால் அடியோடு போய்விடும் என்ற விதி இருப்பதால், முன்பு எளிதாகக் கடந்த எதிரியிடமே விழும்படி ஓட்டமாய் ஓடுவோர் உண்டு. இழப்பில் இருப்பவர், உறுதியான இழப்பை ஏற்பதைவிட அனைத்தையும் மீட்கும் வாய்ப்புக்காகப் பெரிய ஆபத்தில் இறங்க முனைவர் என்று உளவியலாளர்கள் கானமன், ட்வெர்ஸ்கி ஆகியோர் 1979இல் எழுதியது இங்கே பொருந்தும். விட்டதைப் பிடிக்கப் போய் இருந்ததையும் விட்டான் என்று நம்மவர் சொல்வதும் இதையே.

தமிழில் 'சாய்வு' எனப் பெயர்த்தால் ஒருபக்கச் சார்பு என்ற பொருள் வந்துவிடுகிறது. 'காண்டு' என்ற பேச்சுச்சொல் சுவையானதுதான். ஆனால் அது கோபத்தோடு நின்றுவிடும், முடிவெடுக்கும் திறன் கெடுவதைச் சொல்லாது. இரண்டையும் தாங்குவது 'நிலைகுலைவு'. வினையாக 'நிலைகுலைந்து ஆடுகிறார்' என்றும் இயல்பாக எழுதலாம்.