கொக்கி இல்லாத இறகு: சில்க்கிக் கோழியும் கிழக்கு மாரியும்

ஊர்க்கோழி மழையில் நனைந்தால் ஓர் உதறலோடு காய்ந்துவிடும். சில்க்கி என்ற பஞ்சிறகுக் கோழி இனம் அப்படியல்ல, அரை மணி நேரத் தூறலுக்கே தோல்வரை ஊறிப்போகும். வேறுபாடு இறகின் நுண்ணமைப்பில் இருக்கிறது. சாதாரண இறகின் தண்டிலிருந்து கிளைகளும், கிளைகளிலிருந்து நுண்ணிழைகளும் பிரிகின்றன. அந்த நுண்ணிழைகளில் உள்ள கொக்கிகள் பக்கத்து இழைகளைக் கவ்விப் பிடிப்பதால் இறகு ஒரே தகடாகிறது, மழைத்துளி அதன்மேல் வழிந்தோடுகிறது. சில்க்கியில் இந்தக் கொக்கிகள் உருவாவதில்லை. கிளைகள் தனித்தனியே தொங்குகின்றன. பஞ்சுபோல் தெரிவதும், பஞ்சுபோலவே தண்ணீரை உறிஞ்சுவதும், பறக்க முடியாமற்போவதும் இந்த ஒன்றினால்தான். பிடிஎஸ்எஸ்2 என்ற மரபணுவுக்குச் சற்று முன்னால் டி.என்.ஏ.யின் ஓர் எழுத்து மாறியிருப்பதே காரணம் என்று 2014இல் கண்டறிந்தார்கள்.

ஆகவே மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சில்க்கி வளர்ப்பவருக்கு முதற் சோதனை கார்த்திகை, மார்கழி மாரிதான். கூட்டின் தளம் நிலத்திலிருந்து 2 அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். வளவில் வெள்ளம் நிற்கும் இடங்களில் இன்னும் கூட்டுங்கள். வாடைக்காற்று வரும் வடகிழக்குப் பக்கத்தைக் கிடுகாலோ தகரத்தாலோ அடையுங்கள். கூரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி மட்டும் திறந்திருக்கட்டும். முழுதாக மூடினால் எச்சத்திலிருந்து எழும் அமோனியா கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும். கோழி ஒன்றுக்கு 4 சதுர அடி கொடுங்கள். பறக்காத கோழி என்பதால் குறுக்குச் சட்டம் அடித்த சாய்பலகை ஒன்று ஏணிக்குப் பதிலாக வேண்டும். பரணில் ஏறாமல் தரையில் குவிந்து படுப்பது இதன் பழக்கம். அதனால் தரை உமி எப்போதும் காய்ந்திருக்க வேண்டும். 3 அங்குலம் பரப்பி, ஈரம் பிடித்த இடத்தை அன்றன்றே அள்ளி மாற்றுங்கள். ஈர உமியில்தான் இரத்தக்கழிச்சல் கிருமியின் முட்டைகள் முதிர்ந்து தொற்றும் நிலைக்கு வருகின்றன. குஞ்சுகளை அதிகம் கொல்வது அதுதான்.

அடுத்த பலவீனம் தலையில். தலையிறகுக் கொண்டைக்கு அடியில் மண்டையோடு மேடாக எழும்பியிருக்கும். சில கோழிகளில் எலும்பு முழுதாக மூடுவதேயில்லை. ஊர்ச்சேவல் அந்த இடத்தில் ஒரு கொத்துக் கொத்தினால் மூளை வீங்கிக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். சில்க்கியைத் தனியாக வளர்க்கச் சொல்வது இதற்காகத்தான், செல்லத்துக்காக அல்ல. ஆனால் கழுத்து முறுக்கியதையெல்லாம் அடிபட்டதாக எண்ணிவிடக் கூடாது. அடி என்றால் பெரும்பாலும் ஒரு கோழிக்குத்தான் வரும். பல கோழிகள் ஒன்றாகச் சோர்ந்து, பச்சையாகக் கழிந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் நியூகாசில் நோயைச் சந்தேகித்து உடனே மிருக வைத்தியரிடம் சொல்ல வேண்டும். ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிக் கிடந்தால் மாரெக் நோயாக இருக்கலாம். சில்க்கிக்கு அது எளிதில் பிடிக்கும். தடுப்பூசி பொரித்த அன்றே போடவேண்டியது, வந்தபின் போட்டுப் பயனில்லை.

இனப்பெருக்கத்தில் அதிகம் ஏமாறுவது இறகில்தான். பஞ்சிறகு ஒடுங்கிய பண்பு. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். சில்க்கிச் சேவலை ஊர்ப்பேட்டுடன் சேர்த்தால் குஞ்சுகள் எல்லாம் சாதாரண இறகோடே வளரும். அந்தக் குஞ்சுகளைத் தமக்குள் சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒன்று பஞ்சாகும். சில்க்கியுடன் மீண்டும் சேர்த்தால் இரண்டில் ஒன்று. சில்க்கியின் கறுப்புத் தோலும் காலின் ஐந்தாவது விரலும் அப்படியல்ல, கலப்பிலேயே தலைகாட்டும். எனவே ஐந்து விரலை எண்ணிக் காசு கொடுத்துவிடாதீர்கள். பொரித்த புதிதில் எந்தக் குஞ்சும் பஞ்சாகவே தெரியும். இரண்டு, மூன்று வாரத்தில் செட்டை இறகு விரியும்போது பார்த்து வாங்குங்கள்.

ஆனால் கறுப்புத் தோல் எல்லாக் கலப்பிலும் ஒரேபோல் வராது, அதில் வேடிக்கையான கணக்கு ஒன்றுண்டு. மரபியலாளர்கள் பேட்சனும் புனெட்டும் 1911இல் எழுதியது அது. சில்க்கிச் சேவலை வெளிர்ந்த கால் கொண்ட லெகோர்ன் இனப் பேட்டுடன் சேர்த்தால் பெண் குஞ்சுகள் கருந்தோலோடும் ஆண் குஞ்சுகள் வெளிறியும் வரும். லெகோர்னிடம் உள்ள, கருமையை அடக்கும் மரபணு பால் குரோமோசோமில் இருக்கிறது. அதைத் தாய் தன் மகன்களுக்கு மட்டுமே கொடுக்கிறாள்.

தூய குஞ்சு வேண்டுமானால் பேட்டை மற்றச் சேவல்களிடமிருந்து 3 வாரம் பிரித்து வைத்த பின்பே முட்டை சேருங்கள். பழைய சேவலின் விந்து பேட்டின் உடலில் இரண்டு வாரத்துக்கு மேலும் உயிரோடிருக்கும். ஒரு சேவலுக்கு 5 அல்லது 6 பேடு போதும். கருக்கூடாத முட்டைகள் அதிகமென்றால் சேவலை மாற்றுவதற்கு முன் கத்தரிக்கோலை எடுங்கள்: சேவல், பேடு இரண்டினதும் எச்சத் துவாரத்தைச் சுற்றி, இணைசேர்வதைத் தடுக்கும் மயிர்க்கற்றையை ஒட்ட வெட்டிவிட்டால் பல சமயம் அதுவே தீர்வு.

முட்டையை வைத்திருக்கும் இடமும் முக்கியம். கச்சான் என்ற சூடான மேல்காற்று வீசும் மாதங்களில் குசினி வெப்பத்திலேயே கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துவிடும். ஈரமணல் நிரப்பிய சட்டிக்குள் இன்னொரு சட்டியை இருத்தி, அதில் முட்டைகளைக் கூர்முனை கீழாக வையுங்கள். நாலைந்து நாளுக்கு மேல் சேர்க்க வேண்டாம்.

அடைக்கு இதைவிட நல்ல கோழி கிடையாது. தன் முட்டையில் 8 முதல் 10 வரை மூடும், ஊர்க்கோழி முட்டை என்றால் 6 அல்லது 7. ஏழாம் நாள் இரவு டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள்: சிலந்திபோல் நரம்போடியது கரு, தெளிந்திருப்பது கூழ்முட்டை. நாளுக்கொரு தடவை தீனிக்கு எழும்பாவிட்டால் நீங்களே தூக்கி இறக்கிவிட வேண்டும்; சில பேடுகள் பட்டினியாகவே கிடந்து மெலியும். 21ஆம் நாள் குஞ்சு பொரித்ததும் தாயின் நீண்ட மயிரைக் கவனியுங்கள். அந்த இழை குஞ்சின் கழுத்தில் சுருக்குப்போல் இறுகுவதுண்டு. வயிற்றுப் பக்கத்து நீள் இழைகளை அடைக்கு வைக்கும்போதே கத்தரித்துவிடுங்கள்.