‘கன்சென்ட்’ என்பதற்குத் தமிழ் எது: சம்மதமா, ஒப்புதலா, இசைவா?

இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் இயற்றப்பட்டது. ஒருவரின் தகவலைப் பயன்படுத்த அவரிடம் ‘கன்சென்ட்’ கேட்கும் வாசகத்தை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை அவருக்குத் தர வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 6ஆம் பிரிவு. அந்த 22 மொழிகளில் தமிழும் ஒன்று என்பதால், மின்னஞ்சல் முகவரி கேட்கும் படிவங்களில் இச்சொல்லைத் தமிழில் எழுதும் வேலை நமக்கு வந்திருக்கிறது. சம்மதம், ஒப்புதல், இசைவு என்னும் மூன்றையும் ஒன்றுக்கொன்று மாற்றாக நாம் எழுதிவருகிறோம். ஆனால் மூன்றும் ஒரே பொருளைத் தருவன அல்ல.

ஆங்கிலச் சொல்லின் மூலம் இலத்தீன் மொழி. ‘கோன்’ என்றால் உடன், ‘சென்டீரே’ என்றால் உணர்தல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல்லின் அடிப்பொருள் உடன் உணர்தல் என்பதாகும். சட்டத்தில் இதற்குக் கிடைத்த மிகத் தெளிவான விளக்கம் நம் நாட்டிலேயே உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 13ஆம் பிரிவில், இருவரோ அதற்கு மேற்பட்டவரோ ஒரே பொருளை ஒரே கருத்தில் ஏற்றுக்கொள்வதே கன்சென்ட் என்று வரையறுக்கிறது. எனவே ஒருவர் ‘சரி’ என்று சொல்லியிருந்தால் மட்டும் போதாது. கேட்டவர் எதை எண்ணிக் கேட்டாரோ அதையே எண்ணிச் சொல்லியிருக்கவும் வேண்டும்.

அமைப்பில் இதற்கு மிக நெருக்கமானது சம்மதம்தான். வடமொழியில் ‘சம்’ என்பது சேர்ந்து, ‘மத’ என்பது எண்ணியது. நன்னூல் சொல்லும் ‘எழுவகை மதம்’ என்பதில் மதம் கருத்து அல்லது கொள்கை என்ற பொருளில் வருகிறது. அவ்வேழில் முதலாவது உடன்படல். ஆனாலும் படிவத்தில் இச்சொல்லை எழுத நான் தயங்குவேன், ஏனெனில் ‘மௌனம் சம்மதம்’ என்ற வழக்கும் கூடவே வந்துவிடுகிறது. பெண் பார்க்க வந்த இடத்தில், தலை குனிந்து நின்றவளின் வாய் திறக்காமையையே விடையாகக் கொண்ட வழக்கம் அது. இலத்தீனிலும் இதே கருத்தில் ஒரு முதுமொழி இருந்ததால், ஐரோப்பியரும் இதைச் சட்டத்தால் மறுக்க வேண்டியிருந்தது. 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர் என்னும் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் முகப்புரை, மௌனமோ, முன்கூட்டியே குறியிட்ட கட்டமோ, செயலின்மையோ கன்சென்ட் ஆகாது என்கிறது. ஜெர்மனியின் பிளானட்49 என்ற நிறுவனம் பரிசுப் போட்டிக்கான பதிவுப் பக்கத்தில், பயனரின் உலாவியில் இணையதளங்கள் சேமித்து வைக்கும் குக்கீகள் என்னும் சிறு கோப்புகளுக்கான கட்டத்தில் தானே டிக் போட்டு வைத்திருந்தது. 2019 அக்டோபர் 1 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. அந்தக் குறியை எடுக்காமல் விட்டவர் உண்மையில் மௌனமாக இருந்தவரே.

ஒப்புதல் இன்று பெருவழக்காக இருப்பது. ஒத்திருத்தலைக் குறிக்கும் ‘ஒப்பு’ என்பதிலிருந்து பிறந்து, கையொப்பம், ஒப்புகை அட்டை, ஒப்புதல் வாக்குமூலம் எனப் பல இடங்களில் வாழ்கிறது. சிக்கலும் அங்கேதான். அமைச்சரவையின் ஒப்புதல், நிர்வாக ஒப்புதல் என்னும்போது மேலிருப்பவர் கீழிருப்பவரின் கோப்பை ஏற்பது தோன்றுகிறது. வாக்குமூலத்திலோ குற்றத்தை ஏற்பது தோன்றுகிறது. போதாக்குறைக்கு, ‘ஒப்புக்குச் செய்தான்’ என்றால் கடமைக்குச் செய்தான் என்று பொருள். யாரும் படிக்காத விதிமுறைகளுக்குக் கீழே வாங்கும் டிக் குறிக்கு, ஒப்புக்கு வாங்கிய ஒப்புதல் என்பது பொருத்தமான பெயராகவே இருக்கும்.

உடன்பாடு என்பது இன்று இரு தரப்பு ஒப்பந்தத்துக்கு உரியதாகிவிட்டது. அனுமதி, உரிமை உள்ளவர் வழி விடுவது. இணக்கம் என்பதோடு ‘வற்புறுத்தலுக்கு இணங்கினார்’ என்ற தொடர் ஒட்டிக்கொண்டிருப்பதால் அதுவும் உதவாது.

எஞ்சுவது இசைவு. இசைதல் என்பதற்குப் பொருந்துதல், உடன்படுதல் என்று பொருள். பாடலுக்குரிய இசையும் இதே சொல்தான். தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஆலைகளுக்கு வழங்கும் கன்சென்ட் ஆணையை ‘இசைவாணை’ என்று குறிப்பது ஏற்கெனவே வழக்கில் உள்ளது. இச்சொல்லை நான் தேர்வதற்கு அதன் இலக்கணமும் ஒரு காரணம்: இசைகிறோம் என்றாலே எதற்கு என்ற கேள்வி எழுகிறது. துணிக்கடையில் பில் போடுபவர் ‘மெயில் ஐடி சொல்லுங்க சார்’ என்கிறார், நாமும் சொல்கிறோம். நாம் இசைந்தது பில்லை அனுப்புவதற்கு. ஆடித் தள்ளுபடி அறிவிப்புக்கு அல்ல. அது ஏன் வருகிறது என்று கேட்டால் கடைக்காரர் சொல்லும் ‘நீங்கள்தானே கொடுத்தீர்கள்’ என்ற விடை கொடுத்தலையும் இசைதலையும் ஒன்றாக்கிவிடுகிறது. இந்தியச் சட்டம் கேட்பதோ சுதந்திரமான, குறிப்பான, விவரம் அறிந்த, நிபந்தனையற்ற, ஐயத்துக்கு இடமில்லாத இசைவு. அதுவும் தெளிவான ஒரு செயலால் தெரிவிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். ‘பதிவு செய்வதன் மூலம் எங்கள் விதிமுறைகளை ஒப்புக்கொள்கிறீர்கள்’ என்ற வழக்கமான வரி இதில் தேறாது. ‘புதிய புடவை வரவுகளைப் பற்றி வாரம் ஒரு முறை எனக்கு மின்னஞ்சல் அனுப்ப இசைகிறேன்’ என்று எழுதி, பக்கத்திலுள்ள கட்டத்தைப் படிப்பவரே டிக் போடும்படி காலியாக விட்டால் தேறும்.

சட்டம் எல்லா இடத்திலும் இவ்வளவு கேட்பதில்லை. அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டுக் கேன்-ஸ்பேம் சட்டத்தின்படி விளம்பர மின்னஞ்சலுக்கு முன் இசைவு தேவையில்லை. வேண்டாம் என்பவரை 10 வேலை நாட்களுக்குள் விட்டுவிட்டால் போதும். அங்கும் இசைவு பெறாமல் அனுப்புபவரைத் தடுப்பது அஞ்சல் பெட்டியை நடத்தும் நிறுவனம்தான். ஜிமெயில் 2024 பிப்ரவரி முதல், தன் பயனர்களுக்கு ஒரு நாளில் 5,000 அல்லது அதற்கு மேற்பட்ட மின்னஞ்சல்களை அனுப்புவோர் மடல் உண்மையில் அவர்களிடமிருந்தே வருகிறதா என்று உறுதிசெய்யும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்று சரிபார்ப்புகளையும் அமைத்திருக்க வேண்டும் என்கிறது. ஸ்பேம் என்று புகார் செய்வோரின் விகிதம் 0.3 விழுக்காட்டை எட்டக் கூடாது என்றும் எச்சரிக்கிறது. அதாவது ஆயிரம் பேரில் மூவர் ஸ்பேம் பொத்தானை அழுத்தினாலே அனுப்புநரின் பெயர் கெட்டு, விரும்பிக் கேட்டவர்களுக்கு அனுப்பும் மடலும் ஸ்பேம் பெட்டிக்குப் போகத் தொடங்கும். அந்த மூவர் பெரும்பாலும் இசையாமலே பட்டியலில் சேர்க்கப்பட்டவர்கள், அல்லது விலக வழி தேடி அலுத்தவர்கள்.

விலகுவதற்கான சொல்லையும் இங்கேயே முடிவு செய்துவிடலாம். சில செயலிகளில் காணும் ‘குழுவிலகு’ எந்தக் குழுவிலும் சேராதவரைக் குழப்புகிறது. இசைவைத் தந்த அளவு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்று இந்தியச் சட்டமும் ஐரோப்பிய ஒழுங்குவிதியும் சொல்வதால், சட்ட வாசகத்தில் ‘இசைவைத் திரும்பப் பெறுதல்’ என்றும், மடலின் அடியில் ஒரே அழுத்தில் வேலை செய்யும் இணைப்பில் ‘இனி அனுப்ப வேண்டாம்’ என்றும் எழுதலாம்.