பேணல்: ‘மரியாதையான குழந்தை பராமரிப்பு’ என்று எழுதாதீர்கள்

குழந்தைகள் காப்பகம் ஒன்றில் ஆயாக்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. பயிற்சியாளர் ஆங்கிலத்தில் பேசுவார், நான் தமிழில் சொல்ல வேண்டும். வாசலில் பெரிய பேனர்: ‘மரியாதையான குழந்தை பராமரிப்புப் பயிற்சி’. தேநீர் இடைவேளையில், இருபது வருடமாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அக்கா என்னிடம் கேட்டார்: “தம்பி, ஒன்றரை வயசுப் பிள்ளைக்குப் பேச்சே வராதே. அதுக்கு எப்படி மரியாதை சொல்லிக் கொடுக்கிறது?” பக்கத்தில் இருந்த இன்னொருவர் திருத்தினார்: “அது இல்லக்கா, நாமதான் அதுங்கள வாங்க போங்கன்னு கூப்பிடணுமாம்.”

இரண்டும் தவறு. ஆனால் தவறு அவர்களுடையதில்லை. பேனரில் இருந்த தமிழைத் தமிழாகவே படித்தார்கள், அவ்வளவுதான். ஆங்கில ‘ரெஸ்பெக்ட்ஃபுல் கேர்’ என்பதற்கு நேராக வைத்த இந்தத் தொடரை நான் பார்ப்பது இது முதல் தடவையும் இல்லை. கையேடுகளில், சான்றிதழ்களில், கைப்பேசியில் வரும் அறிவிப்புகளில் என்று எங்கும் இதேதான். இனியும் சும்மா இருக்க மனம் வரவில்லை.

முதலில் ‘மரியாதை’. வடமொழி ‘மர்யாதா’வுக்கு எல்லை, கரை, வரம்பு என்று பொருள். வரம்பு மீறாத நடத்தை என்றாகி, பிறகு பெரியவர்களுக்குக் காட்டும் பணிவு என்று தமிழில் நிலைத்துவிட்டது. நம் பேச்சில் மரியாதை கீழிருந்து மேலே போகும். கோயில் மரியாதை, அரசு மரியாதை, மாமனார் வீட்டு மரியாதை எல்லாம் அப்படித்தான். அதையே ‘மரியாதையா’ என்று ஏவலோடு சேர்த்தால் என்ன ஆகிறது? “மரியாதையா கொடுத்துடு.” “மரியாதையா வெளியே போ.” மிரட்டல் ஆகிறது. அன்று மதியம் சோறு ஊட்டும் நேரத்தில் அதே அறையில் என் காதால் கேட்டேன்: “மரியாதையா வாயத் திற.” அந்தப் பெண் கெட்டவர் இல்லை, நான்கு பிள்ளைகளை ஒரே நேரத்தில் சமாளித்துக்கொண்டிருந்தார். ஆனால் எந்தப் பழக்கத்தை மாற்ற இந்தப் பயிற்சி வந்ததோ, அந்தப் பழக்கம் பேசும் சொல்லையே எடுத்து வாசலில் பேனராகக் கட்டிவிட்டோமே.

கைக்குழந்தையையும் ஓர் ஆளாக மதித்துப் பார்த்துக்கொள்வது என்பதுதான் அந்தப் பயிற்சியின் கருத்து. அது எங்கே பிறந்தது என்று தெரிந்தால் சொல்லைத் தேடுவது எளிது. எம்மி பிக்லர் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் குழந்தை மருத்துவர். 1902இல் வியன்னாவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946இல், லோட்சி என்ற தெருவில் பெற்றோரை இழந்த பச்சிளங்குழந்தைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். அந்தத் தெருவின் பெயராலேயே உலகம் அந்த இல்லத்தை இன்றும் அழைக்கிறது. அங்கே முதலில் வேலைக்கு இருந்தவர்கள் முறைப்படி பயின்ற தாதியர். கை வேகமாக ஓடியது, முகம் குழந்தையின் பக்கம் திரும்பவில்லை. பிக்லர் அவர்களை அனுப்பிவிட்டு, முன்பயிற்சி இல்லாத, பிள்ளைகள் மேல் ஆசையுள்ள இளம்பெண்களை எடுத்துத் தானே பழக்கினார்.

என்ன பழக்கினார்? குழந்தையைத் தூக்குமுன் எதிரே வந்து, கையை நீட்டிக் காட்டி, “உன்னைத் தூக்கப் போறேன்” என்று சொல்லிக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். குழந்தையின் உடம்பில் ஒரு சின்னத் தயாரிப்பு தெரியும். தோள் லேசாக முன்னுக்கு வரும். அதற்குப் பிறகுதான் தூக்க வேண்டும். சட்டை மாட்டும்போது கையைப் பிடித்து இழுத்துத் திணிக்காமல், சட்டைக்கையை விரித்துப் பிடித்துக்கொண்டு, குழந்தையே கையை உள்ளே விடும்வரை பொறுக்க வேண்டும். தானாக உட்கார வராத குழந்தையைத் தலையணை முட்டுக்கொடுத்து உட்கார வைக்கக் கூடாது. ஆறு மாதக் குழந்தையையும் ஓர் ஆளாக எண்ணி நடத்துவது. ஆங்கிலத்தில் ‘ரெஸ்பெக்ட்’ என்று சொன்னது இதைத்தான். லத்தீனில் அதன் வேருக்குத் திரும்பிப் பார்த்தல் என்று பொருள். பார்ப்பதுதான் அங்கே மையம், பணிவு இல்லை.

இதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவர் புடாபெஸ்டில் வாழ்ந்த மாக்டா கெர்பர் என்ற தாய். ஒரு நாள் அவர் மகளுக்கு உடம்பு சரியில்லை, வழக்கமான மருத்துவர் கிடைக்கவில்லை, பிக்லர் வந்தார். தாய் நோயைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் பிக்லர் சைகையால் நிறுத்திவிட்டு, பிள்ளையிடமே கேட்டார். கெர்பரின் வாழ்க்கை அந்த இடத்தில் திரும்பியது. ஹங்கேரியில் 1956இல் நடந்த மக்கள் எழுச்சிக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறி, லாஸ் ஏஞ்சல்ஸில் குடியேறி, 1978இல் டாம் ஃபாரஸ்ட் என்ற குழந்தை நரம்பியல் மருத்துவரோடு சேர்ந்து, இந்த முறையைக் கற்பிக்க ‘ரை’ (RIE) என்ற அமைப்பைத் தொடங்கினார். சிறு குழந்தைகளோடு வேலை செய்பவர்களுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. கல்வி என்ற சொல்லையும் கவனிப்பு என்ற சொல்லையும் ஒட்டி ‘எஜுகேரர்’ என்று ஆக்கினார்.

இங்கேதான் நம் மொழிபெயர்ப்பாளர்கள் தடுக்கி விழுகிறார்கள். ‘கல்விப் பராமரிப்பாளர்’! ஒரு கையேட்டில் பக்கத்துக்குப் பக்கம் இதுதான். ஆங்கிலச் சொல்லை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் அகராதியில் கிடைத்ததை எடுத்து வைத்து, நடுவில் ‘ப்’ போட்டு ஒட்டியாயிற்று. கெர்பர் ஏன் ஒட்டினார்? டயப்பர் மாற்றும் நேரம் வேறு, கற்கும் நேரம் வேறு என்று உலகம் பிரித்து வைத்திருந்ததை மறுக்கத்தான். அவர் சேர்த்ததை நாம் மறுபடி பிரித்துவிட்டோம். ‘கல்விப் பராமரிப்பாளர்’ என்று கேட்டால் என் மனத்தில் வருபவர், பள்ளிக்கூடத்தில் பெஞ்சும் கரும்பலகையும் பழுதுபார்ப்பவர். இத்தனைக்கும் லத்தீன் ‘எடுகாரே’வின் முதற்பொருளே வளர்த்தல்தான். மருத்துவச்சி வெளிக்கொணர்கிறாள், செவிலி வளர்க்கிறாள், ஆசிரியர் கற்பிக்கிறார் என்று வர்ரோ என்ற பழைய ரோமானிய அறிஞர் வரிசைப்படுத்தியபோது, செவிலியின் வேலைக்குத்தான் அந்த வினையைப் போட்டார். ஆக, அந்தச் சொல்லின் முன்பாதியிலேயே குழந்தையைப் பார்த்துக்கொள்வது இருக்கிறது. ‘கல்வி’ என்று எழுதியவர் அந்த முன்பாதியையும் பார்க்கவில்லை.

சரி, ‘பராமரிப்பு’க்கு என்ன குறை? வடமொழிப் பிறப்பு என்பது என் குறை இல்லை. அதன் வேரில் தொடுதல், ஆராய்ந்து நினைத்தல் என்ற பொருள்கள் உண்டு; நல்ல பொருள்கள்தான். குறை இன்றைய புழக்கத்தில் இருக்கிறது. “மாதாந்திர மின் பராமரிப்புப் பணி காரணமாகக் காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை மின்தடை.” அடுக்குமாடி வீட்டுக்குப் பராமரிப்புக் கட்டணம். லிஃப்ட்டுக்குப் பராமரிப்பு ஒப்பந்தம். ஏரிப் பராமரிப்பு, சாலைப் பராமரிப்பு. ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று நின்றுவிடாமல் பார்ப்பதற்கு இன்று அதுதான் சொல். அப்படிக் குழந்தையைப் பராமரித்தால் போதும் என்று நினைத்தவர்களைத்தான் பிக்லர் வீட்டுக்கு அனுப்பினார். வயிறு நிறைந்தது, துணி காய்ந்திருக்கிறது, வேலை முடிந்தது. அந்த மனநிலைக்குப் பெயர் வேண்டுமானால் ‘பராமரிப்பு’ மிகப் பொருத்தம். அதன் முன்னால் ‘மரியாதையான’ என்று ஒரு பெயரடையைத் தொங்கவிட்டால் மட்டும் மனநிலை மாறிவிடாது.

வேறு சொற்களையும் பார்த்துவிடலாம். ‘வளர்ப்பு’ பெற்றோருக்குரியது, கோழிக்கும் மீனுக்கும் கூட உரியது. காப்பகத்தில் எட்டு மணி நேரம் பிள்ளையைப் பார்ப்பவரை ‘வளர்ப்பவர்’ என்றால் பெற்ற தாய்க்கு உறுத்தும். ‘கவனிப்பு’ பேச்சில் நல்ல சொல், ஆனால் “நல்லா கவனிச்சு அனுப்பினாங்க” என்றால் விருந்தா, அடியா, லஞ்சமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ‘செவிலி’ இருந்திருந்தால் தேடலே வேண்டாம். சங்கப் பாடல்களில் தலைவியை எடுத்து வளர்ப்பவள், தாய் என்றே மதிக்கப்படுபவள். அந்தச் சொல்லை மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டோம், இனித் திரும்ப வாங்க முடியாது. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

மிஞ்சுவது ‘பேண்’. “பெரியாரைப் பேணாது ஒழுகின் பெரியாரால் பேரா இடும்பை தரும்” என்ற குறளில் (892) ‘பேணாது’ என்றால் மதிக்காமல். “தந்தை தாய்ப் பேண்” என்ற ஆத்திசூடியில் மதித்தல், பார்த்துக்கொள்ளுதல் இரண்டையும் பிரிக்கவே முடியாது. ‘பிள்ளையைப் பேணி வளர்த்தாள்’ என்றால் கண்ணும் கருத்துமாகக் காத்தாள். விரும்புதல் என்ற பொருளும் உண்டு. ஆங்கிலத்துக்கு இரண்டு சொல் வேண்டியிருந்த இடத்தில் நம்மிடம் ஒற்றை வினையில் மதிப்பும் காப்பும் விருப்பமும் பிசைந்து கிடக்கின்றன. அதைவிட முக்கியம், இந்தச் சொல் மேலேயும் போகும், கீழேயும் வரும். எண்பது வயதுத் தந்தையைப் பேணலாம், எட்டு மாதக் குழந்தையையும் பேணலாம். மரியாதையால் அது முடியாது. எனவே இந்தத் தொழிலுக்குக் ‘குழந்தை பேணல்’, செய்பவருக்குப் ‘பேணுநர்’. ஓட்டுநர், இயக்குநர், பெறுநர் போல. (ஓட்டுனர் என்று எழுதுபவர்கள் இதையும் பேணுனர் என்று எழுதிவிட வேண்டாம்.)

இதற்கு ஒரு தடை சொல்வார்கள், நியாயமான தடை. இலங்கையில் ‘பேண்’ அன்றாட அலுவல் சொல். இடைவெளியைப் பேணவும், ஒழுங்கைப் பேணவும், பேண்தகு அபிவிருத்தி. அங்கே அதுவும் பராமரிப்பைப் போலத் தேய்ந்துவிடவில்லையா? கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மதிப்பில்லாத ஒன்றை யாரும் பேணுவதில்லை. ரகசியத்தைப் பேணுகிறோம், நட்பைப் பேணுகிறோம், உடல்நலம் பேணுகிறோம். தண்ணீர் மோட்டாரைப் பேணுகிறேன் என்று எந்த நாட்டுத் தமிழரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மோட்டார் என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே கையேட்டில் ‘மொத்த மோட்டார் திறன்கள்’ என்று ஒரு தலைப்பு; ஆங்கில ‘கிராஸ் மோட்டார் ஸ்கில்ஸ்’ என்பதன் பெயர்ப்பு. குழந்தை கை கால் அசைத்து, புரண்டு, தவழ்ந்து, நிற்பதற்குத்தான் இந்தப் பெயர். ‘வளர்ச்சி மைல்கற்கள்’ என்று அடுத்த தலைப்பு. பிள்ளைத்தமிழ் பாடி, செங்கீரை, சப்பாணி, வருகை என்று குழந்தை ஆடுவதற்கும் கைகொட்டுவதற்கும் நடந்து வருவதற்கும் தனித்தனிப் பருவம் வைத்துப் பெயர் சூட்டிய மொழி இது. “குப்புற விழுந்துட்டானா? தவழ ஆரம்பிச்சுட்டாளா?” என்று தெருவில் போகிறவர்கள்கூட விசாரிக்கும் ஊர் இது. நம் ஆயாக்களுக்குத் தெரிந்ததை அவர்களுக்கே புரியாத சொல்லில் எழுதி, பிறகு “இவர்களுக்குப் பயிற்சி ஏறவில்லை” என்று அறிக்கை அனுப்புகிறோம். மொழிபெயர்ப்பவர் ஒரு நாளாவது அந்த அறையில் பாயை விரித்து உட்கார்ந்து, அவர்கள் என்ன சொல்லில் பேசுகிறார்கள் என்று கேட்டுவிட்டு வந்து எழுதினால் பாதிக் கையேடு தானாகத் திருந்திவிடும்.

கேட்டிருந்தால் இன்னொரு சொல்லும் கிடைத்திருக்கும். அவர்கள் தங்கள் வேலையைப் ‘பராமரிப்பு’ என்று சொல்வதே இல்லை. “பிள்ளைங்களப் பார்த்துக்கிறேன்” என்பார்கள். பார்த்துக்கொள்ளுதல்! ‘ரை’ பயிற்சியின் முதற்கட்டமே கோட்பாடும் உற்றுநோக்கலும்தான். குறுக்கிடாமல் உட்கார்ந்து, ஒரு குழந்தை என்ன செய்கிறது என்று பார்க்கக் கற்பது. ஹங்கேரிய மொழியில் குழந்தையைப் பேணுவதற்கான சொல் ‘கோந்த்’ என்ற வேரிலிருந்து வருவது. கவலை, அக்கறை என்று பொருள், நினைத்தல் என்ற வினையோடு உறவு. நாம் ‘கருத்தா பார்த்துக்கோ’ என்று சொல்லும்போதும் நினைப்பும் பார்வையும் ஒன்றாகத்தான் வருகின்றன. ஆகவே எழுத்தில் பேணல், பேச்சில் பார்த்துக்கொள்ளுதல். இரண்டுக்கும் சண்டை இல்லை.

கடைசியாக, வயதுப் பெயர்கள். ஆங்கிலம் ‘இன்ஃபன்ட்’, ‘டாட்லர்’ என்று தனித்தனியாகச் சுட்டும் இரண்டு பிரிவுகளையும் சேர்த்து ‘மழலையர்’ என்று எழுதிவிடுகிறார்கள். மழலை என்பது பேச்சு. நாலு மாதக் குழந்தைக்கு ஏது மழலை? நடை வராததைக் கைக்குழந்தை என்போம், வீட்டில் அப்படித்தானே சொல்கிறோம். தத்தித் தத்தி நடப்பதற்குப் புறநானூற்றில் (188) பாண்டியன் அறிவுடைநம்பி ‘குறுகுறு நடந்து’ என்று பாடியிருக்கிறான். சிறு கையை நீட்டி, நெய்ச்சோற்றை இட்டும் தொட்டும் கவ்வியும் துழாவியும் உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளை அது. அந்தப் பாட்டில் யாரும் அதன் கையைத் தட்டிவிடவில்லை, வாயைத் திறக்கச் சொல்லி மிரட்டவும் இல்லை. ‘குறுநடைக் குழந்தை’ என்று அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் நாள் காலையில் பேனரை மாற்ற நேரமில்லை. பயிற்சியாளரிடம் கேட்டுக்கொண்டு, கரும்பலகையில் மட்டும் ‘கைக்குழந்தை, குறுநடைக் குழந்தை பேணல்’ என்று பெரிதாக எழுதினேன். முதல் நாள் கேள்வி கேட்ட அக்கா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “பேணி வளர்க்கிறதுன்னு சொல்லுவாங்களே, அதானே தம்பி?” என்றார். ஆமாம் என்றேன். வேறு விளக்கம் எதையும் அவர் கேட்கவில்லை.