"மைதா சேர்க்கல மேடம், ரவைதான்!"

உணவியல் ஆலோசகராகத் தருமபுரியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு ஒவ்வொரு தீபாவளி முடிந்ததும் இந்த வாசகம் தவறாமல் வந்து சேரும். இந்த முறை சொன்னவர் பென்னாகரம் பக்கத்துப் பெரியம்மா ஒருவர். "பாப்பாவுக்குன்னே தனியா செஞ்சேன் மேடம், மைதா ஒரு சிட்டிகைகூட சேர்க்கல, வெறும் ரவை லட்டுதான்." பாப்பாவுக்கு சீலியாக் நோய். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் குடலைப் புண்ணாக்கிவிடும், அதனால் இரண்டும் ஆயுளுக்கும் ஆகாது. பத்தியம் காத்து, எடை ஏறி, ரத்த சோகை தெளிந்து வந்த பிள்ளை, திரும்பவும் வயிற்றுப்போக்கோடு வந்து நிற்கிறது.

தயவுசெய்து கேளுங்கள். ரவை கோதுமைதான். கோதுமையைத் தவிடு நீக்கி நைசாக அரைத்தால் மைதா, கொரகொரப்பாக உடைத்தால் ரவை. வெள்ளையாக இருப்பதால் பலர் அதை அரிசி வகையில் சேர்த்துவிடுகிறார்கள். பாம்பே ரவை, சம்பா ரவை இரண்டுமே கோதுமை. சேமியாவும் கோதுமை. ராகி சேமியா பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள், பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். சத்துமாவு உருண்டை? சிறுதானியத்தோடு சம்பா கோதுமையும் போட்டுத்தானே அரைக்கிறோம்! மால்ட் பானப் பொடியில் செய்யும் பர்பியும் ஆகாது, மால்ட் என்பது பெரும்பாலும் பார்லியில் வருவது. "நல்லா நெய்யில வறுத்துட்டேனே" என்பார்கள். வறுத்தாலும் பொரித்தாலும் குளூட்டன் எங்கும் போகாது. போன மாதம் ஒருவர் பேரனுக்குச் சர்க்கரை இல்லாத மிட்டாய் வாங்கி வந்திருந்தார். அது வேறு வியாதி ஐயா!

இத்தனைக்கும் நம்ம மாவட்டத்தில் கோதுமை இல்லாத பண்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. நிலக்கடலை, எள், தேங்காய், அரிசிப்பொரி, ராகி, சாமை, கடத்தூர்ச் சந்தை வெல்லம். கடலை மிட்டாய், எள்ளுருண்டை, கமர்கட்டு, பொரி உருண்டை என்று நம் பாட்டிகள் செய்த மிட்டாய்களில் கோதுமைக்கு வேலையே கிடையாது. வறுத்துத் தோல் நீக்கிய கடலை ஒரு கப்புக்கு முக்கால் கப் வெல்லம் போதும். வெல்லத்தைக் கரைத்து, வடிகட்டி, பாகு காய்ச்சுங்கள். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்து உடைத்தால் 'டக்' என்று முறிய வேண்டும். இழுத்தால் வளைகிறது என்றால் இன்னும் கொஞ்சம் காயட்டும்.

அப்புறம்தான் தப்பு நடக்கிறது. பாகில் கடலையைப் போட்டுக் கிளறி, சூடாக எடுத்து எதன் மேல் கொட்டுகிறீர்கள்? சப்பாத்திப் பலகை. எதை வைத்துத் தேய்க்கிறீர்கள்? பூரிக்கட்டை. தினமும் கோதுமை மாவு உருளும் மரக்கட்டையின் கீறல்களில் பழைய மாவு இருக்கத்தான் செய்யும், கழுவினாலும் முழுசாகப் போகாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். குளூட்டன் இல்லாத உணவு என்று லேபிள் ஒட்ட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. ஒரு கிராம் கோதுமை மாவில் மட்டும் ஏறத்தாழ 80 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு கிலோ மிட்டாயில் அந்த ஒரு கிராம் ஒட்டினாலே நான்கு மடங்கு தாண்டிவிட்டது. நெய் தடவிய எவர்சில்வர் தட்டில் கொட்டி, டம்ளர் அடியால் அழுத்தி, சூடு ஆறுவதற்குள் கத்தியால் கீறுங்கள். மிட்டாய் அதே மாதிரிதான் வரும்.

மாவு மில்லும் அப்படித்தான். முன்னால் நிற்பவர் கோதுமை அரைத்த அதே கல்லில்தான் உங்கள் ராகியும் அதிரசத்துக்கான அரிசியும் விழுகிறது. வீட்டு மிக்ஸியில் அரையுங்கள், சல்லடையைத் தனியாக வையுங்கள். முறுக்கு, தட்டுவடை செய்தால் பெருங்காய டப்பாவைப் படியுங்கள், அதில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ இருக்கும். கலகலாவும் சோமாசும் பொரித்த எண்ணெயில் இந்தப் பிள்ளைக்கான பலகாரத்தைப் போடாதீர்கள். கிறிஸ்துமஸுக்கு எலத்தகிரி, கோவிலூர்ப் பக்கமெல்லாம் அடுப்பு மூட்டப்போகும் அக்காமார்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்: இந்தப் பிள்ளைக்கானதை முதலில் செய்து, டப்பாவில் மூடி வைத்துவிட்டு, பிறகு மைதாப் பொட்டலத்தைப் பிரியுங்கள்.

கொடுக்கும்போதும் தனி டப்பாவில் கொடுங்கள். கேக் துண்டும் கடலை மிட்டாயும் ஒரே தட்டில் போனால் பட்ட பாடெல்லாம் வீண். என்னென்ன சேர்த்தீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, டப்பா மேல் ஒட்டுங்கள். பிறந்தநாள் விருந்தில் "ஒரு துண்டுதானே, ஒண்ணும் ஆகாது, சாப்பிடு கண்ணு" என்று மட்டும் சொல்லாதீர்கள். அம்மா வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சாப்பிட்ட அன்று பிள்ளை ஓடியாடிக்கொண்டுதான் இருக்கும், சில பிள்ளைகளுக்கு வெளியில் எதுவுமே தெரியாது. ஆனாலும் குடல் புண்ணாகும், வளர்த்தி நிற்கும்.

இன்னொன்று. இதைப் படித்துவிட்டு "எங்க பையனுக்கும் வயிறு உப்புது" என்று நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ரத்தப் பரிசோதனை எடுத்தால்தான் நோய் சரியாகத் தெரியும். நிறுத்திவிட்டு வந்தால் எங்களுக்கும் தலைவலி, உங்களுக்கும் அலைச்சல்.

சரி, தெரியாமல் சாப்பிட்டே விட்டது என்றால்? விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அலர்ஜி மாத்திரை இதற்கு உதவாது. தண்ணீர் நிறையக் கொடுங்கள், அடுத்த வேளையிலிருந்து பத்தியத்தைத் தொடருங்கள். வாந்தியோ பேதியோ நிற்காமல் போனாலோ, பிள்ளை துவண்டுவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரி. திட்டுவேனோ என்று பயந்து மறைக்காமல், அடுத்த முறை வரும்போது என்ன சாப்பிட்டது என்பதைச் சொல்லிவிடுங்கள். கொஞ்சம் திட்டுவேன்தான்.