நெஞ்செரிச்சலுக்கு அறுவை சிகிச்சை: அமிலம் அப்படியேதான் இருக்கும்

பினாங்கில் ராத்திரி பதினொரு மணிக்கும் நாசி கண்டார் கடையில் வரிசை நிற்கும். குழம்பை 'பஞ்சிர்' என்று சொல்லி ஊற்றச்சொல்லி, வயிறு முட்டத் தின்று, தே தாரேக்கும் குடித்துவிட்டு அரை மணியில் படுத்தால் நெஞ்சு எரியத்தான் செய்யும். மறுநாள் கிளினிக்கில் "கேஸ்ட்ரிக் டாக்டர்" என்போம், மாத்திரை கிடைக்கும். பெரும்பாலோருக்கு அதுவும், சாப்பிடும் நேரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளுவதும் போதும்.

சிலருக்குப் போதாது. ஒமெப்ரசோல் போன்ற மாத்திரைகள் இரைப்பையில் அமிலம் சுரப்பதைத்தான் குறைக்கின்றன. இரைப்பையில் இருப்பது மேலே ஏறுவதை அவை தடுப்பதில்லை. எரிச்சல் அடங்கினாலும், குனிந்தால் படுத்தால் தொண்டைவரை எதுக்களிக்கிறது என்று சிலர் சொல்வது அதனால்தான்.

கோளாறு வாசலில் இருக்கிறது. உணவுக்குழாய், மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் திரையான உதரவிதானத்தில் உள்ள ஒரு துளை வழியாக வயிற்றுக்குள் இறங்குகிறது. அங்கே குழாயின் அடியில் ஒரு தசை வளையம் இருக்கிறது. அதே இடத்தில் வெளியிலிருந்து உதரவிதானத்தின் தசையும் பிடித்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்துதான் காவல். துளை அகன்று இரைப்பையின் மேல்பகுதி மார்புக்குள் ஏறிவிட்டால் இரண்டு பிடியும் தனித்தனியாகிவிடும். ஹையாட்டஸ் ஹெர்னியா என்பது இதுதான்.

இதைச் சரிசெய்யும் வழி தற்செயலாகக் கிடைத்தது. நாஜிகளிடமிருந்து தப்பி இஸ்தான்புல்லுக்குப் போன ஜெர்மானிய யூத மருத்துவர் ருடால்ஃப் நிசென், 1936இல் ஒரு நோயாளிக்கு உணவுக்குழாயின் அடிப்பகுதியில் அறுவை செய்தார். போட்ட தையல் பிரிந்துவிடக் கூடாதே என்று இரைப்பையின் ஒரு பகுதியை அதைச் சுற்றி மூடினார். பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் அந்த நோயாளிக்கு எதுக்களிப்பே இல்லை. 1955இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் எதுக்களிப்புக்கென்றே அதைச் செய்து, அடுத்த ஆண்டு எழுதி வெளியிட்டார். ஐன்ஸ்டீனின் வயிற்று ரத்தக்குழாய் வீக்கத்துக்கு 1948இல் அறுவை செய்தவரும் இவர்தான்.

நிசென் வயிற்றை நீளமாகத் திறந்தார். வேலை நடக்கும் இடம் சின்னது, ஆனால் விலா எலும்புகளுக்கு அடியில் ஆழத்தில் இருக்கிறது. அங்கே போய்ச் சேரத்தான் அவ்வளவு பெரிய கீறல். 1991இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் பெர்னார்ட் டாலமான் குழுவினர் இதையே லேப்ராஸ்கோப்பில், அதாவது சின்னத் துளைகள் வழியாகக் கேமரா விட்டு, செய்து காட்டினார்கள். இன்று கோலாலம்பூரிலும் பினாங்கிலும் செய்வது பெரும்பாலும் அந்த முறைதான்.

முழு மயக்கத்தில் வயிற்றுக்குள் கரியமில வாயுவை நிரப்பி இடம் உண்டாக்குகிறார்கள். நாலைந்து துளைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. ஒன்றில் கேமரா, மற்றவற்றில் கருவிகள். கல்லீரலின் இடது மடலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மேலே ஏறிய இரைப்பையைக் கீழே இழுக்கிறார்கள், அகன்ற துளையைத் தைத்துச் சுருக்குகிறார்கள். அப்புறம் இரைப்பையின் தளர்வான மேல்பகுதியை உணவுக்குழாயின் பின்னால் கொண்டுவந்து, கழுத்தில் துண்டு சுற்றுவதுபோல் முன்பக்கம் சேர்த்துத் தைக்கிறார்கள். சுற்று சுமார் 2 சென்டிமீட்டர் அகலம்தான். இறுக்கக் கூடாது.

தளர்வாக இருந்தால் எப்படி மூடும்? எனக்கு இதில் மிகவும் பிடித்த இடமே இதுதான். சுற்றியிருப்பதும் இரைப்பைதானே. சாப்பிட்டு இரைப்பை நிறைந்து அழுத்தம் கூடினால், அதே அழுத்தம் சுற்றுக்குள்ளும் ஏறி உணவுக்குழாயை நெருக்குகிறது. எப்போது அதிகம் எதுக்களிக்குமோ அப்போதே பிடியும் கூடுகிறது.

வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டு ஸ்கோப் போட்டுப் பார்த்தாலே போதும், நாளைக்கே ஆபரேஷன் என்று நல்ல சர்ஜன் சொல்லமாட்டார். மூக்கு வழியாக மெல்லிய கம்பி ஒன்றை விட்டு, இடுப்பில் ஒரு பதிவுக் கருவியைக் கட்டி 24 மணி நேரம் அனுப்பிவிடுவார்கள். உணவுக்குழாயில் பி.எச். அளவு (அமிலம் கூடினால் இது குறையும்) 4க்குக் கீழே எத்தனை நேரம் இறங்குகிறது என்று அது எழுதிக்கொண்டே இருக்கும். எரியும்போது ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அன்றைக்குப் பத்தியம் வேண்டாம், வழக்கமான நாசி லெமாக்கையே சாப்பிடச் சொல்வார்கள். வழக்கமான எதுக்களிப்பைத்தானே பார்க்க வேண்டும். உணவுக்குழாயின் தசை அழுத்தத்தையும் தனியாக அளப்பார்கள். உணவைக் கீழே தள்ளும் அசைவே கெட்டுப்போன அக்கலேசியா நோயிலும் நெஞ்சு எரியும். அதற்குப் போய்ச் சுற்றுப் போட்டால் சாப்பாடு இறங்காது.

வீட்டுக்குப் போக ஓரிரு நாள். "வயிற்றில்தானே ஆபரேஷன், தோள் ஏன் வலிக்குது?" என்று கேட்பவர்கள் உண்டு. மிச்சமிருக்கும் வாயு உதரவிதானத்தை உறுத்துகிறது, அதன் நரம்போ கழுத்திலிருந்து வருகிறது. அதனால் மூளை அதைத் தோள்வலியாக எடுத்துக்கொள்கிறது. சில நாளில் போய்விடும். தைத்த இடம் வீங்கியிருப்பதால் முதலில் நீராகாரம், பிறகு குழைந்த கஞ்சி. ரொட்டி சானாய்க்கும் இறைச்சிக்கும் சில வாரங்கள் பொறுக்க வேண்டும்.

ஒரு சங்கடம் இருக்கிறது. அமிலம் ஏறாத வாசலில் காற்றும் எளிதில் ஏறாது. ஏப்பம் வராமல் வயிறு உப்பும், வாயு கீழ்வழியாகப் போகும், வாந்தி எடுப்பதும் கஷ்டம். சில ஆண்டுகளில் சுற்று நெகிழ்ந்து மறுபடி மாத்திரைக்குத் திரும்புபவர்களும் உண்டு. உடல் எடை மிக அதிகமானவர்களுக்கு இதைவிட, இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் இரைப்பை பைபாஸ் பொருந்தலாம். ஏப்பச் சங்கடத்துக்காகவே சில சர்ஜன்கள் முழுச் சுற்றை விட்டு, பின்பக்கமாக 270 பாகை மட்டும் சுற்றும் டூப்பே முறைக்குப் போகிறார்கள். முன்னால் விட்ட அந்தக் கால்பங்கில் காற்று தப்பிக்க வழி கிடைக்கும், விழுங்குவதும் சுலபம்.